ரெசர்பினின் ஆறாவது மையம்

1956-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பர்ன்ஸ் உட்வர்டும் பாடர், பிக்கல், ஃப்ரை, கியர்ஸ்டெட் என்ற நான்கு கூட்டாளிகளும் ரெசர்பின் மூலக்கூறைச் செயற்கையாகக் கட்டி முடித்தார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக அது அப்போது பல நாடுகளில் புழங்கிக்கொண்டிருந்தது. வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்த ஒரு கட்டத்தில் அவர்கள் கையில் இருந்த பொருளில் அணுக்கள் எல்லாம் சரி, பிணைப்புகள் எல்லாம் சரி, ஆறு சீர்மையற்ற கார்பன்களில் ஐந்து சரி. ஆறாவது கார்பனில், வேதியியலாளர்கள் 3 என்று எண்ணிடும் இடத்தில், ஒரு ஹைட்ரஜன் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றது. அப்படி நிற்கும் அமைப்புக்கு ஐசோரெசர்பின் வரிசை என்று பெயர். ரெசர்பினின் மருத்துவக் குணம் அதற்கு இல்லை. இதைவிடக் கடினமான செய்தி, அந்தத் தவறான அமைப்புதான் விரைவாக உருவாவது, நிலைத்தன்மை கூடியதும் அதுவே. வினையைக் குளிரில் நடத்தினாலும் பயனில்லை, சூடாக்கி நாள்கணக்கில் காத்திருந்தாலும் பயனில்லை. அந்த முட்டுச்சந்திலிருந்து அவர்கள் வெளியே வந்த வழிதான், வினைவேகக் கட்டுப்பாடு, வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடு என்று நாம் படிக்கும் இரண்டின் வரலாற்றிலும் மிக முக்கியமான திருப்பம் என்று கருதுகிறேன். வினையைச் சமநிலைக்கு விடுவது வேதியியலாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம், வேகத்தை ஆள்வதே திறமை என்றொரு எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. 1950-களின் நிலைமை நேர்மாறானது. அன்று ஒரு கரிம வேதியியலாளரின் சிந்தனை உறுதியாகக் காலூன்ற முடிந்த இடம் சமநிலைதான்.

அடிப்படையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே வினைபடுபொருள்கள் இரண்டு விளைபொருள்களைத் தரக்கூடும். அணுக்களின் இணைப்பு ஒன்றாகவே இருந்து, வெளியில் அவை திரும்பி நிற்கும் பக்கம் மட்டும் மாறுபடலாம். இரண்டில் ஒன்று குறைந்த கிளர்வு ஆற்றலில் விரைவாக உருவாகிறது. மற்றது ஆற்றல் குறைந்து நிலையாக இருக்கிறது. வினை பின்னோக்கித் திரும்ப வழியில்லை என்றால், முடிவில் கிடைக்கும் கலவை இரண்டின் வேகங்களைக் காட்டும். திரும்ப வழியிருந்தால், உருவானது சிதைந்து மீண்டும் உருவாகி, கடைசியில் கலவை இரண்டின் நிலைத்தன்மையைக் காட்டும். இன்று கல்லூரி முதலாண்டிலேயே இது வந்துவிடுகிறது. ஆனால் வேகமும் நிலைத்தன்மையும் வெவ்வேறு என்ற தெளிவே எளிதில் வந்ததல்ல. எந்த வினை அதிக வெப்பத்தை வெளியிடுகிறதோ அதுவே நடக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்த்தலோ வாதாடினார். 1884-இல் வான்ட் ஹாஃப் வேகத்தையும் சமநிலையையும் தனித்தனிக் கணக்காகப் பிரித்துக் காட்டினார். 1897-இல் ஆஸ்ட்வால்ட் இன்னொரு படி போனார்: ஒரு பொருள் நிலைமாறும்போது முதலில் தோன்றுவது பெரும்பாலும் மிக நிலையான வடிவம் அல்ல, அதற்கு முந்தைய, நிலைத்தன்மை குறைந்த வடிவமே என்றார். இவ்வளவும் இயற்பிய வேதியியலாளர்களின் அறைக்குள் நிகழ்ந்தவை. கரிம வேதியியலாளரின் ஆய்வகத்தில் விளைபொருள் என்பது உருகுநிலை உள்ள ஒரு படிகம்; அது எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு அங்கே வெகுகாலம் இடமில்லை. இந்தப் பிளவு கரிம வேதியியலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டைச் செலவாக்கியது.

அந்தக் கேள்வி தவிர்க்க முடியாததாக வந்து நின்ற இடம் ஜெர்மனியின் கீல் நகரம். 1928-இல் அங்கே ஓட்டோ டீல்ஸும் அவருடைய இளம் மாணவர் குர்ட் ஆல்டரும் வெளியிட்ட வினை, இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து உள்ள டையீன் ஒன்றையும் ஓர் இரட்டைப் பிணைப்புள்ள இன்னொரு மூலக்கூறையும் சேர்த்து ஆறு உறுப்பு வளையத்தை ஒரே படியில் தந்தது. இயற்கைப் பொருள்களைக் கட்டுவதற்கு இதைப் பயன்படுத்தும் உரிமையைத் தங்களுக்கே ஒதுக்கிக்கொள்வதாக அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதிவைத்தார்கள். அதன் எதிர்காலத்தை அவர்கள் எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. வினை வளையத்தைத் தருவதோடு நிற்கவில்லை; வளையத்தில் தொகுதிகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் தானே தீர்மானித்தது. இரண்டு மூலக்கூறுகளும் நெருங்கும்போது ஒன்றின் கார்பனைல் தொகுதிகள் டையீனுக்கு அடியில் மடிந்து அமரலாம், அது எண்டோ. வெளிப்பக்கம் விலகி நிற்கலாம், அது எக்சோ. 1937-இல் ஆல்டரும் கெர்ஹார்ட் ஸ்டைனும் சேர்ந்து ஒரு விதி சொன்னார்கள்: இரட்டைப் பிணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று மிகுதியாகக் குவியும் அமைப்பே, அதாவது எண்டோவே, உருவாகும். சைக்ளோபென்டாடையீனும் மாலேயிக் அன்ஹைட்ரைடும் சேர்ந்தால் அறை வெப்பநிலையில் நொடிகளில் எண்டோ கிடைத்தது. விதி அழகானது, பயனும் கொடுத்தது. ஆனால் அது விளைபொருளைப் பற்றிய விதியா, வேகத்தைப் பற்றிய விதியா என்பது அதில் தெளிவாக இல்லை. விதிவிலக்குகள் சேரச் சேர அந்தத் தெளிவின்மை உறுத்தத் தொடங்கியது.

அதைத் தெளிவாக்கியது 1944-இல் உட்வர்டும் ஹெரால்ட் பேயரும் எழுதிய கட்டுரை. உட்வர்டுக்கு அப்போது 27 வயது. டீல்ஸும் ஆல்டரும் 1929-இல் பதிவுசெய்திருந்த ஃபுல்வீன், மாலேயிக் அன்ஹைட்ரைடு வினையை அவர்கள் மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். எண்டோ, எக்சோ இரண்டும் கிடைத்தன. குறைந்த நேரத்தில் எடுத்தால் எண்டோ மிகுதி. நேரம் நீளவும் வெப்பம் கூடவும் எக்சோவின் பங்கு ஏறியது. காரணத்தையும் சொன்னார்கள்: எண்டோ எளிதில் உருவாகிறது, அதே எளிமையோடு சிதைந்து பழைய பொருள்களாகத் திரும்புகிறது, எக்சோ தயங்கி உருவாகிறது, உருவானபின் அசைவதில்லை. ஆல்டரின் விதி வேகத்தின் விதி என்பதும், கடிகாரத்தைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது என்பதும் அங்கே நிலைநாட்டப்பட்டன. ஃபியூரானும் மாலேயிக் அன்ஹைட்ரைடும் சேரும்போது கிடைக்கும் படிகம் எக்சோ என்று 1948-இல் அவர்களே நிறுவினார்கள். ஆல்டரின் விதிக்கு இது வெளிப்படையான மீறலாகத் தோன்றியது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல், லீயும் ஹெர்ன்டனும் கரைசலுக்குள் வினையைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தபோது, ஃபியூரானிலும் முதலில் விரைந்து உருவாவது எண்டோதான் என்று தெரிந்தது. அறை வெப்பநிலையிலேயே அது சிதைந்து எக்சோவாக மாறிவிடுகிறது. படிகத்தை வடிகட்டி எடுப்பவரின் கண்ணுக்கு எக்சோ மட்டுமே படுகிறது. விதி மீறப்படவில்லை, பார்த்த நேரம்தான் பிந்தியிருந்தது.

அதே 1948-இல் லண்டனில் கேட்ச்போல், ஹியூஸ், இங்கோல்ட் மூவரும் முற்றிலும் வேறொரு வினையில், மைசன்ஹைமர் 1930-இல் ஆராய்ந்திருந்த அல்லைல் குளோரைடு ஒன்றில், இதே வேறுபாட்டைக் கண்டு, இன்று நாம் சொல்லும் அந்த இரு கட்டுப்பாடுகளின் பெயராலேயே அதை எழுதினார்கள். புரோட்டான் இடம்பெயரும் வினைகளில் இது முன்பே பழகிய செய்தி என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். ஆகவே யார் முதலில் கண்டார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை; கருத்து அந்தப் பத்தாண்டில் பல கைகளில் ஒரே சமயத்தில் பழுத்துக்கொண்டிருந்தது. உட்வர்டை நான் பின்தொடர்வது வேறு காரணத்துக்காக. மற்றவர்கள் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே நடந்த வினைகளை விளக்கப் பயன்படுத்தினார்கள். அவர் இனி நடக்க வேண்டிய வினைகளைத் திட்டமிடப் பயன்படுத்தினார்.

அந்த மாற்றத்தின் முதல் தடயம் 1951-இல் அவர் குழு வெளியிட்ட ஸ்டீராய்டு தொகுப்பில் இருக்கிறது. தொடக்கப் படி டீல்ஸ்-ஆல்டர் வினைதான்: ஒரு குயினோனும் பியூட்டாடையீனும். அந்த வினை இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் ஹைட்ரஜனையும் மெத்தில் தொகுதியையும் ஒரே பக்கத்தில் நிறுத்தித் தருகிறது. ஸ்டீராய்டுகளுக்கு வேண்டியது எதிரெதிர்ப் பக்க அமைப்பு. வினையின் இயல்பை மாற்ற முடியாது. ஆகவே அவர்கள் அதைத் தன் போக்கில் நடக்கவிட்டு, கிடைத்த பொருளைக் காரத்தில் கரைத்தார்கள். கார்பனைலுக்கு அடுத்த ஹைட்ரஜன் அங்கே கழன்று மீண்டும் ஒட்டும். அப்படி ஒட்டும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். பிறகு அமிலம் சேர்த்து, எதிரெதிர் அமைப்பின் சிறு படிகமொன்றை விதையாகப் போட்டதும் வேண்டிய பொருள் படிகமாக இறங்கியது. வேகத்தின் வழியாக ஒரு அமைப்பைப் பெற்று, சமநிலையின் வழியாக அதைத் திருத்துவது இங்கே கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. ஆனாலும் இது எளிய நிலைமை. வேண்டியது இயல்பாகவே நிலையானதாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் போதும். ரெசர்பினில் கதவைத் திறந்தாலும் மூலக்கூறு தவறான அறையிலேயே தங்கிவிடும்.

ரெசர்பின் வந்த வழியை இங்கே சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தியாவிலிருந்து புறப்பட்டது. சர்ப்பகந்தா என்னும் சிறு செடியின் வேரை மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் வேறு பல நோய்களுக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931-இல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து அல்கலாய்டுகளைப் பிரித்து, அவற்றில் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் வேரைச் சோதித்து ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் முடிவை எழுதியதும் மேற்குலகின் கவனம் திரும்பியது. 1952-இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் மூவரும் வேரின் முதன்மையான செயற்பொருளான ரெசர்பினைத் தூய படிகமாகப் பிரித்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதன் கட்டமைப்பும் முப்பரிமாண அமைப்பும் வெளிப்பட்டன. வேருக்கான தேவை பெருகிய வேகத்தைப் பார்த்தால், வேதியியலாளர்கள் இவ்வளவு விரைந்து இந்த மூலக்கூறின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

ஐந்து வளையங்கள் வரிசையாக இணைந்த அந்த மூலக்கூறின் கடைசி வளையத்தில்தான் ஐந்து சீர்மையற்ற கார்பன்களும் அடுத்தடுத்து நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. உட்வர்டு அங்கிருந்தே தொடங்கினார். பென்சோகுயினோனையும் ஒரு முனையில் கார்பாக்சில் வகைத் தொகுதியைத் தாங்கிய டையீனையும் சேர்த்தார். எண்டோ விதி ஒரே வினையில் மூன்று மையங்களை வேண்டியபடி நிறுத்தியது. 1944-இல் தம் கையாலேயே எல்லை வகுத்த விதியை, அந்த எல்லைக்குள் நின்று, முழு நம்பிக்கையோடு பயன்படுத்தினார். கிடைத்த பொருளின் இரண்டு வளையங்களும் கிண்ணம்போல் வளைந்திருந்தன. பின்னால் வரும் வினைபொருள்கள் கிண்ணத்தின் குழிவுக்குள் நுழையச் சிரமப்பட்டு வெளிப்புறமாகவே நெருங்கின. மற்ற இரண்டு மையங்களும் அப்படியே அமைந்தன. இதுவரை எல்லாம் வினைவேகத்தின் வேலை. வெப்ப இயக்கவியல் கட்டுப்பாட்டின் பக்கம் நின்று வாதாடும் நான் இதை மறைக்கப் போவதில்லை: ஆறில் ஐந்து மையங்கள் வேகத்தின் கொடை.

பிறகு 6-மெத்தாக்சிட்ரிப்டமீனை இணைத்து, நடுவளையத்தை மூடி, ஆறாவது மையத்தை உருவாக்கும் படிக்கு வந்தார்கள். நைட்ரஜனுக்கும் கார்பன் 3-க்கும் இடையே இருந்த இரட்டைப் பிணைப்பைச் சோடியம் போரோஹைட்ரைடு ஒடுக்கியது. இந்த ஒடுக்கம் பின்னோக்கித் திரும்பாது, ஆகவே விளைவு முழுக்க வேகத்தைப் பொறுத்தது. வேகம் ஐசோரெசர்பின் பக்கம் போனது. சரி, அமிலத்தில் சூடாக்கி 3-ஆம் மையத்தைப் புரட்டலாமா? அமிலம் அந்த மையத்தைத் தளர்த்தும் என்பது இயற்கை ரெசர்பினைச் சிதைத்துப் பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அதே சோதனைகள் அமிலத்தில் ரெசர்பின்தான் ஐசோரெசர்பினாக மாறுகிறது என்றும் காட்டியிருந்தன. காரணம் வளையங்களின் வடிவத்தில் இருக்கிறது. ஆறு உறுப்பு வளையம் தட்டையாக இருப்பதில்லை, நாற்காலிபோல் மடிந்திருக்கிறது. அதில் சில பிணைப்புகள் வளையத்துக்குச் செங்குத்தாக மேலும் கீழுமாக நிற்கும். மற்றவை பக்கவாட்டில் வெளிநோக்கி நீளும். பெரிய தொகுதிகளுக்குப் பக்கவாட்டு இடமே வசதி. செங்குத்தாக நின்றால் அக்கம்பக்க ஹைட்ரஜன்களோடு முட்டும். ஐசோரெசர்பினில் கடைசி வளையத்தின் தொகுதிகள் எல்லாம் பக்கவாட்டில் நீள்கின்றன, கார்பன் 3-ஐ இந்தோலோடு இணைக்கும் பிணைப்பும் அப்படியே. ரெசர்பினில் தொகுதிகள் வசதியாக இருக்க வேண்டுமானால் அந்த இந்தோல் பிணைப்பு செங்குத்தாக நிற்க வேண்டியிருக்கிறது. மூலக்கூறு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் உட்வர்டு கேள்வியையே திருப்பினார். சமநிலை தவறான விடையைத் தருகிறது என்றால், அது கேட்கப்பட்ட கேள்விக்கான விடை மட்டுமே. மூலக்கூறு தன் கடைசி வளையத்தை விருப்பம்போல் மடித்துக்கொள்ள விடப்பட்டிருப்பதால்தான் ஐசோரெசர்பின் வசதியாக இருக்கிறது. அந்த விருப்பத்தைப் பறித்தால்? கடைசி வளையத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதியும், ஒரு கார்பன் இடைவிட்டு ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் வளையத்தின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் நீர் நீக்கி இணைத்தால் லாக்டோன் என்னும் பாலம் உருவாகும். பாலம் அமைய வேண்டுமானால் இரண்டு தொகுதிகளும் செங்குத்தாக நின்று ஒன்றையொன்று எட்ட வேண்டும். அதற்கு வளையம் முழுதும் மறுபக்கம் மடிந்தாக வேண்டும். அடுத்த வளையம் அதோடு பூட்டப்பட்டிருப்பதால் அதுவும் சேர்ந்து மடியும். அப்படி மடிந்ததும் ஐசோரெசர்பின் வரிசையில் பக்கவாட்டில் இருந்த இந்தோல் பிணைப்பு செங்குத்தாக எழுந்துவிடுகிறது. 3-ஆம் மையம் புரண்டால்தான் அது மீண்டும் பக்கவாட்டில் போக முடியும். அதாவது பாலத்தைத் தாங்கிய நிலையில் ரெசர்பின் வரிசையே நிலையானது. அவர்கள் டைசைக்ளோஹெக்சைல்கார்போடைஇமைடைக் கொண்டு லாக்டோனை மூடினார்கள், பிவாலிக் அமிலத்தோடு கொதிக்கும் சைலீனில் வைத்தார்கள், மையம் புரண்டது. ஆய்வகத்தில் இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. பழைய அமிலச் சமநிலையே, பாலம் என்ற ஒரே ஒரு நிபந்தனை சேர்ந்ததும், எதிர்த்திசையில் ஓடியது.

இது கட்டுப்பாடு பற்றிய வரலாறே அல்ல, வச அமைப்பு, அதாவது வளையங்கள் மடியும் விதம், பற்றிய வரலாறு என்று ஒருவர் மறுக்கலாம். 1950-இல் டெரெக் பார்ட்டன் ஸ்டீராய்டு வளையங்களின் மடிப்பைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை இல்லாமல் இந்த யோசனைக்கு இடமே இருந்திருக்காது, பெருமை அவருக்குத்தான் சேர வேண்டும் என்பார்கள். மறுப்பின் முதல் பாதியை நான் ஏற்கவில்லை, இரண்டாம் பாதியை முழுமனதாக ஏற்கிறேன். பார்ட்டன் கொடுத்தது நிலைத்தன்மையைக் கணிக்கும் கருவி: எந்தத் தொகுதி செங்குத்தாக இருக்கிறது, எது பக்கவாட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் எது நிலையானது என்று சொல்லிவிடலாம். வேகத்தைப் பற்றி அதேபோல் சொல்ல அன்று கருவி இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது இடைநிலை அமைப்பு. அதைப் படிகமாக எடுக்க முடியாது, எடைபோட முடியாது. எண்டோ ஏன் விரைவாக உருவாகிறது என்பதற்கே 1965-இல் ராவல்ட் ஹாஃப்மனும் உட்வர்டும் ஆர்பிட்டால்களைக் கொண்டு விளக்கம் தந்த பிறகுதான் பரவலாக ஏற்கப்பட்ட காரணம் கிடைத்தது. அந்த விளக்கமும் பிற்காலத்தில் கேள்விக்கு உள்ளாகி, விவாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே 1956-இல் ஒருவர் ஆறாவது மையத்தை மேசையில் மாதிரிகளை வைத்துச் சிந்தித்து முன்கூட்டியே தீர்க்க விரும்பினால், அவருக்குச் சமநிலையைத் தவிர நம்பகமான வழி இல்லை. பார்ட்டனின் பங்கை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு என் வாதம் வலுப்படுகிறது.

எமில் ஃபிஷர் இதை 1890-லேயே செய்துவிட்டார் என்பது இன்னொரு மறுப்பு. குளுக்கோனிக் அமிலத்தைக் குயினோலினோடு 140 டிகிரியில் சூடாக்கினால் மேனோனிக் அமிலமும் சேர்ந்த கலவை கிடைக்கிறது, மேனோனிக் அமிலத்தைச் சூடாக்கினாலும் அதே கலவை கிடைக்கிறது என்று அவர் கண்டார். சர்க்கரைகளின் தொகுப்பில் அந்தப் புரட்டலைத் திறம்படப் பயன்படுத்தினார். அவரது சாதனையின் அளவைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் ஃபிஷர் சமநிலை கொடுத்த கலவையை எடுத்துக்கொண்டு பிரித்தார். கலவையில் எது மிகும், ஏன் மிகும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி அவர் காலத்தில் கிடையாது. மிகுவதை மாற்றும் வழி அதைவிட எட்டாதது. 1890-இலிருந்து 1956 வரை நடந்தது என்ன என்று கேட்டால், சமநிலை என்பது ஏற்றுக்கொள்ளும் ஒன்றாக இருந்து வடிவமைக்கும் ஒன்றாக மாறியது என்பதுதான் விடை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. உட்வர்டின் கட்டுரைகள் நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதில்லை. ஒவ்வொரு படியும் முன்பே தீர்மானிக்கப்பட்டதுபோல் ஒரு தர்க்க நாடகமாக எழுதப்படுகின்றன. 1958-இல் வெளிவந்த ரெசர்பின் பற்றிய விரிவான கட்டுரையும் அப்படித்தான். லாக்டோன் உண்மையில் முன்யோசனையா, தோல்விக்குப் பின் கைக்கு வந்த துடுப்பா? ரெசர்பிக் அமில லாக்டோன் என்ற பொருள் இயற்கை ரெசர்பினைச் சிதைத்த ஆய்வுகளில் முன்பே அறியப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் இப்படி எச்சரிக்கையாக இருப்பது நியாயமே. ஆனாலும் என் வாதம் அந்த யோசனை பிறந்த நாளைப் பொறுத்தது அல்ல. போரோஹைட்ரைடு தவறான பக்கம் போன பிறகே லாக்டோன் நினைவுக்கு வந்திருந்தாலும், அறியப்பட்ட ஒரு பொருளை நிலைத்தன்மையைத் தலைகீழாக்கும் கருவியாகப் பார்த்தது புதிய பார்வை. சிதைவு ஆய்வில் அந்த லாக்டோனைக் கையில் வைத்திருந்த எல்லோருக்கும் அப்படித் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அரை நூற்றாண்டு கழித்து வந்தது. உட்வர்டுக்குப் பின் பல குழுக்கள் ரெசர்பினைக் கட்டின. பலருக்கும் 3-ஆம் மையம் தொல்லை கொடுத்தது. 2005-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்டார்க், தமது எண்பதுகளில், வேகத்தின் வழியாகவே அந்த மையத்தைச் சரியாக நிறுத்திக் காட்டினார். நைட்ரைல் தொகுதி சேர்ந்த ஓர் இடைப்பொருளை அவர் உருவாக்கினார். ஒருவகைச் சூழலில் அது ஐசோரெசர்பின் வரிசைக்குப் போனது. அமிலம் சேர்த்துச் சூழலை மாற்றியதும், நைட்ரஜன் தாங்கும் நேர்மின் அயனி சயனைடின் அணைப்பிலிருந்து விடுபட்டு, இந்தோல் அதன் மேல் செங்குத்துத் திசையில் தாக்கி, ரெசர்பின் வரிசையைத் தந்தது. பாலம் கட்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். அப்படியானால் உட்வர்டின் வழி சுற்றுவழிதானே? படிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஆம். ஸ்டார்க்கின் வழி நேர்த்தியானது, நானும் அதை வியந்தே படிக்கிறேன். ஆனால் அவர் சார்ந்து நின்ற அறிவைப் பாருங்கள்: எந்தத் திசையிலிருந்து தாக்கினால் ஆற்றல் குறைவு என்ற எலக்ட்ரான் நியதிகள், அயனிச் சோடிகள் கரைப்பானில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற தெளிவு, இவை இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்தவை. வேகம் 2005-இல் சிந்தித்துக் கணிக்கக்கூடிய ஒன்றாக ஆகியிருந்தது. 1956-இல் சமநிலை மட்டுமே அப்படி இருந்தது. இரண்டு பேரும் தம் காலத்தில் எது நன்றாகத் தெரிந்திருந்ததோ அதன்மேல் நின்றார்கள்; ஒரு வழியை மற்றதன் தோல்வியாகப் படிப்பது இரண்டு காலங்களுக்கும் இழைக்கும் அநீதி. உட்வர்டின் வழி நடைமுறைக்கு உதவாத வித்தையும் அல்ல. சில மாற்றங்களோடு அது பிரான்சில் ரூசெல்-யூக்ளாஃப் நிறுவனத்தில் தொழில்முறை உற்பத்திக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இந்த வரலாற்றில் பாடநூல்கள் விட்டுவிடும் ஒரு படி மிச்சமிருக்கிறது. மையம் புரண்டபின் உட்வர்டு குழு மெத்தாக்சைடு கொண்டு லாக்டோனைத் திறந்தது. வளையங்கள் மீண்டும் பழைய மடிப்புக்குத் திரும்பின. ட்ரைமெத்தாக்சிபென்சாயில் தொகுதியை ஏற்றி, இடக்கை வலக்கை வடிவங்களைக் கேம்ஃபர்சல்ஃபோனிக் அமிலத்தால் பிரித்ததும் ரெசர்பின் கிடைத்தது. பாலம் போனதும் பழைய கணக்கு திரும்பிவிடுகிறது: ரெசர்பின் இப்போது ஐசோரெசர்பினைவிட நிலைத்தன்மை குறைந்தது. ஆனாலும் அது மாறவில்லை, ஏனென்றால் மையத்தைத் தளர்த்தும் அமிலம் அங்கே இல்லை, திரும்பிப் போகும் வேகம் புறக்கணிக்கத்தக்கது. சமநிலையால் பெற்றதை வேகத்தின் தடை காத்து நிற்கிறது. சர்ப்பகந்தாவின் வேரிலும் அதே நிலைமைதான். செடி கட்டிய ரெசர்பினும் நிலைத்தன்மை குறைந்த வடிவமே. அதனால்தான் ரெசர்பின் கரைசல்களை அமிலத்திலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காக்க வேண்டியிருக்கிறது. மருந்தின் தூய்மையைச் சோதிப்பவர்கள் அதன் சிதைவுப் பொருள்களில் ஒன்றாக இன்றும் தேடுவது 3-ஐசோரெசர்பினைத்தான்.